தீர்மானம் நிறைவேறியதும் பணம் போய்ச் சேர்ந்துவிடாது

ஆசிரியருக்கு,

வணக்கம். பெருந்தொற்று மீட்புக்காக அமெரிக்க நகரங்களுக்கு வாஷிங்டன் கொடுத்த பணத்தைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் இரண்டே எண்கள் இருக்கும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதி. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பணம் முடங்கிக் கிடக்கிறது என்றோ, எல்லாம் கரைந்துவிட்டது என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறோம். நகரம் அந்தப் பணத்தை எந்தத் தலைப்பின் கீழ் எடுத்தது, அது தீர்மானத்தோடு நிற்கிறதா, ஒப்பந்தமாகிவிட்டதா, கைமாறிவிட்டதா என்ற கேள்விகள்தான் முக்கியம். அவற்றைக் கேட்கத் தேவையான விவரங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. உள்ளாட்சிக் கணக்குகளைப் படித்துப் பழகாத வாசகருக்கும் புரியும்படி அவற்றைச் சொல்ல முயல்கிறேன்.

2021 மார்ச் 11 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் 19,530 கோடி, மாவட்டம் போன்ற கவுன்டிகளுக்கு 6,510 கோடி, பெருநகரங்களுக்கு 4,557 கோடி, சிற்றூர்களுக்கு 1,953 கோடி. மீதி பழங்குடி அரசுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் போனது. பெருநகரங்கள் தங்கள் பங்கைக் கருவூலத் துறையிடமிருந்து நேரடியாகவே இரண்டு தவணையாகப் பெற்றன, 2021 மே மாதத்திலிருந்து பாதி, ஏறத்தாழ ஓராண்டு கழித்து மறுபாதி. மாநில அரசின் கைபார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை. சிற்றூர்களுக்கு மட்டும் மாநிலம் வழியாக வந்தது. அதிலும் ஓர் ஊரின் தொற்றுக்கு முந்தைய ஆண்டு பட்ஜெட்டில் 75 சதவீதத்துக்கு மேல் அந்த ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது.

எந்த நகரத்துக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தது தொற்றுப் பாதிப்பின் அளவு அல்ல. நகரங்களுக்கு மத்திய அரசு தரும் சமூக மேம்பாட்டு மானியத்துக்கு 1970களிலிருந்து பயன்படும் பழைய சூத்திரத்தையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று மக்கள்தொகை, வறுமை, வீடுகளில் இட நெருக்கடி ஆகியவற்றைப் பார்க்கும். மற்றொன்று வறுமைக்கு 30 சதவீதமும், 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50 சதவீதமும், மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் மக்கள்தொகை வளர்ச்சியில் எவ்வளவு பின்தங்கியது என்பதற்கு 20 சதவீதமும் எடை தரும். இரண்டில் எது கூடுதலோ அது நகரத்துக்கு. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்து 2020-இல் 6,39,111 ஆகக் குறைந்த டெட்ராய்ட்டுக்கு 82.67 கோடி டாலர் கிடைத்தது இதனால்தான். அதைவிட மக்கள் அதிகமுள்ள, புதிதாக வளர்ந்த பல தென்பகுதி நகரங்களுக்கு அவ்வளவு வரவில்லை. கிளீவ்லாந்துக்கு ஏறத்தாழ 51.2 கோடி வந்ததற்கும் இதே காரணம். டெட்ராய்ட் அதிர்ஷ்டத்தில் வாங்கியது என்பவர்கள் இந்தச் சூத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

பணத்தை எடுக்கச் சட்டம் நான்கு வழிகளைத் திறந்தது. பொதுச் சுகாதார நெருக்கடியையும் அதனால் வந்த பொருளாதாரப் பாதிப்பையும் சமாளிப்பது முதல் வழி. இன்றியமையாத பணியாளர்களுக்கு மணிக்கு 13 டாலர் வரை, ஒருவருக்கு மொத்தம் 25,000 டாலருக்கு மிகாமல் கூடுதல் ஊதியம் தருவது இரண்டாவது. குடிநீர், கழிவுநீர், இணைய இணைப்பு ஆகியவற்றுக்கான கட்டமைப்பு இன்னொன்று. நான்காவது, தொற்றால் நகரம் இழந்த வருவாயின் அளவுக்கு வழக்கமான அரசுப் பணிகளைச் செய்வது. பெரும் பணம் போன வழியும், மக்கள் கண்ணுக்கு அதிகம் படாத வழியும் இந்த நான்காவதுதான். அதனால் அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருவாய் இழப்பு என்றதும் போன ஆண்டைவிட இந்த ஆண்டு எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பார்ப்பதாகத்தான் தோன்றும். கருவூலத் துறையின் விதி அப்படி இல்லை. 2020 ஜனவரி 27-க்கு முன் முடிந்த கடைசி முழு நிதியாண்டின் பொது வருவாயை அடிப்படையாக வைக்க வேண்டும். தொற்று வராதிருந்தால் அந்த வருவாய் ஆண்டுக்கு 5.2 சதவீதம், அல்லது தொற்றுக்கு முந்தைய மூன்றாண்டுச் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அந்த வேகத்தில் வளர்ந்திருக்கும் என்று கொள்ள வேண்டும். அந்தக் கற்பனை வருவாயிலிருந்து உண்மையில் வந்ததைக் கழித்தால் கிடைப்பதுதான் இழப்பு. 2019 ஜூன் 30-இல் முடிந்த நிதியாண்டில் 100 கோடி டாலர் வருவாய் கண்ட ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பர் 31 வரை 18 மாதம். 1.052-ஐ ஒன்றரை ஆண்டுக்கு அடுக்கினால் 1.079, ஆக 107.9 கோடி வந்திருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் டிசம்பர் வரையான 12 மாதத்தில் உண்மையில் வந்தது 96 கோடி என்றால் இழப்பு 11.9 கோடி. நான்கு கோடி குறைந்த ஊர் பன்னிரண்டு கோடியை இந்த வழியில் எடுக்கலாம். 2021 மே மாதத்து இடைக்கால விதியில் வளர்ச்சி விகிதம் 4.1 சதவீதமாகத்தான் இருந்தது. அதன்படி இதே ஊரின் இழப்பு 10.2 கோடி. 2022 ஜனவரியில் வந்த இறுதி விதி ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் 1.7 கோடி கூடிவிட்டது. 2020 முதல் 2023 வரை நான்கு ஆண்டுகளுக்கும் இப்படித் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். வருவாய் இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தால்கூடக் கணக்கில் இழப்பு வரும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழைகள் சில. முதலாவது, மத்திய அரசிடமிருந்து நேரே வந்த மானியங்களையும் வருவாயில் சேர்த்துவிடுவது. அவற்றையும் கடன் பத்திரம் விற்று வந்த பணத்தையும் நீக்கியாக வேண்டும். இரண்டாவது, அடிவாங்கிய ஒரு வரியை மட்டும் எடுத்து இழப்பைக் காட்டுவது. நகரத்தின் எல்லா வருவாயையும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அங்கே மூன்று சூதாட்ட விடுதிகள் 2020 மார்ச் மாதம் மூடி ஆகஸ்ட்டில்தான் திறந்தன. அவற்றின் வரி நகரத்துக்கு முக்கிய வரவு. அதைவிடப் பெரிய அடி வருமான வரியில் விழுந்தது. நகரத்துக்குள் குடியிருப்பவர் 2.4 சதவீதமும், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர் 1.2 சதவீதமும் நகர வருமான வரி கட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள்களுக்கு அந்த வரி கிடையாது. ட்ராய், கேன்டன் போன்ற புறநகரங்களில் வசித்துக்கொண்டு டெட்ராய்ட் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம். பிடித்த வரியைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அப்படித் திரும்பிப் போகும் ஒவ்வொரு டாலரும் நகரத்தின் வரவில் குறைவது. அலுவலகம் திறந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் என்ற வழக்கம் நிலைத்துவிட்டதால், இது ஓராண்டோடு தீர்ந்த இழப்பும் இல்லை.

சிறிய ஊர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம் என்று இறுதி விதி சொன்னது. 1 கோடி டாலர் வரை, தனக்கு வந்த தொகைக்கு மிகாமல், இழப்பாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கணக்கர் இருக்கும் ஊருக்கு இது நியாயமான சலுகை என்பது என் கருத்து. அந்த ஊர்கள் சூத்திரத்தோடு மல்லுக்கட்டியிருந்தால் குழாய் பதிக்கும் வேலை ஓராண்டு பிந்தியிருக்கும்.

பெருநகரங்களில்தான் சிக்கல். வருவாய் இழப்பு என்ற தலைப்பில் எடுத்த பணத்தைச் சாலை, காவல் துறை ஊதியம், தீயணைப்பு வண்டி, பூங்கா என ஏறத்தாழ எதற்கும் செலவிடலாம். கூடாதவை சிலவே: ஓய்வூதிய நிதியில் வழக்கத்துக்கு மீறிப் பெருந்தொகை கட்டுவது, பழைய கடனின் அசலோ வட்டியோ செலுத்துவது, நகரத்தின் கையிருப்பு நிதியை நிரப்புவது, வழக்குத் தீர்ப்புத் தொகை கட்டுவது. சிகாகோ இந்தத் தடையில் மோதியது. 2020-ஆம் ஆண்டுப் பற்றாக்குறையைச் சமாளிக்க வாங்கிய கடனை மீட்பு நிதியால் அடைக்கலாம் என்று அன்றைய மேயர் லோரி லைட்ஃபுட்டின் நிர்வாகம் எண்ணியிருந்தது. இடைக்கால விதி அதைத் தடுத்தது. கடைசியில் தனக்கு வந்த ஏறத்தாழ 189 கோடி டாலரில் 130 கோடி அளவுக்கு வருவாய் இழப்பை ஈடுகட்டவே சிகாகோ பயன்படுத்திக்கொண்டது. ஊழியர் ஊதியம் போன்ற வழக்கமான செலவுக்குப் பணம் வந்துவிட்டதால் வேறு இடத்தில் கை தளர்ந்தது. சட்டப்படி தவறு ஏதும் இல்லை. பெருநகரம் ஒன்று வேலைநீக்கம் இல்லாமல் நடந்ததும் மக்களுக்குப் பயன்தான். ஆனால் மீட்பு நிதி என்ன ஆயிற்று என்று கேட்கும் குடிமகனுக்கு ஒரு கட்டடத்தையோ ஒரு திட்டத்தையோ காட்ட முடியாது. இந்த வழியில் எடுத்த நகரம் ஒவ்வொன்றும், இந்தப் பணம் வந்திராவிட்டால் எந்தச் செலவை வெட்டியிருப்போம் என்ற பட்டியலை வெளியிட்டிருக்க வேண்டும். விதி அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனிக் காலக்கெடு. செய்திகள் அதிகம் குழம்பும் இடம் இதுவே. 2021 மார்ச் 3 முதல் செய்த செலவுகள் ஏற்கப்படும். 2024 டிசம்பர் 31-க்குள் பணத்துக்குக் கடப்பாடு ஏற்பட்டிருக்க வேண்டும். 2026 டிசம்பர் 31-க்குள் செலவாகி முடிய வேண்டும். நகர மன்றம் கைதூக்கி நிறைவேற்றும் ஒதுக்கீட்டுத் தீர்மானம் கடப்பாடு ஆகாது. வெளியாள் ஒருவருக்கு நகரம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வர வேண்டும்: கையெழுத்தான ஒப்பந்தம், அனுப்பிய கொள்முதல் ஆணை, தொண்டு நிறுவனத்தோடு செய்த மானிய உடன்பாடு. பொதுப்பணித் துறைக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் எழுதிவைத்தால் போதாது. ஒரு துறை இன்னொரு துறைக்கு வேலை செய்து கொடுப்பதாக இருந்தால் இரண்டுக்கும் இடையே, என்ன வேலை, எவ்வளவு தொகை என்று நிபந்தனைகளோடு எழுத்தில் உடன்பாடு வேண்டும் என்று கருவூலத் துறை 2024-இல் விளக்கியது. ஊழியர் பணியிடம் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் நிரப்பப்பட்டிருந்தால் அதன் ஊதியத்தை 2026 முடிய இந்த நிதியில் எழுதலாம் என்பதும் அப்போது தெளிவானது. நிரப்பாத பணியிடத்துக்கு அந்த வசதி இல்லை.

கெடு கடந்த பிறகு ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டால்? மாற்று ஒப்பந்தம் செய்ய வழி உண்டு, ஆனால் குறுகலானது. முதல் ஒப்பந்ததாரர் கைவிட்டிருக்க வேண்டும், நொடித்திருக்க வேண்டும், அல்லது இருதரப்பும் ஒத்துக்கொண்டு முடித்திருக்க வேண்டும், அல்லது முதல் ஒப்பந்தமே முறைதவறிக் கொடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். வேலையும் அதேதான், நோக்கமும் அதேதான். சாலைப் பணம் மிச்சமாகிவிட்டது, கெடுவுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் பூங்காவுக்கு மாற்றலாம் என்பதற்கு இடமில்லை. செலவாகாமல் நின்றது வாஷிங்டனுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதனால்தான் 2024-இன் கடைசி மாதங்களில் நகர மன்றங்களின் கூட்டக் குறிப்புகளில் ஒப்பந்தங்கள் குவிந்து கிடக்கும். அவசரமாகப் போட்டவை என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. மூன்றாண்டு வரைபடம், நில ஆவணம், ஒப்பந்தப்புள்ளி என்று உழைத்து அங்கே வந்து சேர்ந்தவையும் அவற்றில் இருக்கும்.

மூன்றாண்டு ஏன் பிடிக்கிறது என்பதற்கு வீடு பழுதுபார்க்கும் திட்டமே நல்ல எடுத்துக்காட்டு. டெட்ராய்ட் நகரம் தொடக்கத்தில் 3 கோடி டாலரில், முதியோரும் ஊனமுற்றோரும் வசிக்கும் ஏறத்தாழ 1,000 வீடுகளின் கூரையையும் சன்னல்களையும் மாற்றும் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்குச் சராசரி 30,000 டாலர். தகுதியை நிறுவ, ஏழை வீட்டுக்காரர்களுக்கு நகரம் ஏற்கெனவே தரும் சொத்து வரி விலக்கையே அளவுகோலாக வைத்தது நல்ல முடிவு. விதியும் இதற்கு இடம் கொடுத்தது: மத்திய வறுமை அளவில் 185 சதவீதத்துக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பம் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உணவு உதவி, மருத்துவ உதவி போன்றவை ஏற்கெனவே பெறுபவராயின் வருமானத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இதைப் பயன்படுத்தாமல் புதிதாக விண்ணப்பப் படிவமும் சம்பளச் சீட்டும் கேட்ட நகரங்களில், எண்பது வயதுக்காரர் படிவத்தோடு அலைந்ததுதான் மிச்சம்.

தகுதி முடிந்தாலும் வேலை முடியாது. வீடு இறந்துபோன தாய் பெயரில் இருக்கும், வாரிசுகள் பெயருக்கு மாறியிராது. 1978-க்கு முன் கட்டியதென்றால் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும், அதைச் சுரண்டும்போது தூசி பரவாமல் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆள்கள் வேண்டும். பழைய கூரையைப் பிரித்த பின்தான் அடியிலுள்ள பலகை உளுத்திருப்பது தெரியும். மதிப்பீடு ஏறும், கூடுதல் தொகைக்கு மறுபடி ஒப்புதல் தேவைப்படும். சிறு ஒப்பந்ததாரருக்கு நகரம் பணம் கொடுக்க இரண்டு மாதம் ஆனால் அடுத்த வீட்டுக்கு அவரால் பொருள் வாங்க முடியாது. இதற்கிடையே அமெரிக்காவில் விலைவாசி ஏற்றம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 2021-இல் போட்ட மதிப்பீட்டில் நூறு வீடு என்றிருந்தது, ஒப்பந்தப்புள்ளி திறந்தபோது எண்பதாகக் குறைந்தால் அதைத் திருட்டு என்று எழுதுவது நியாயமில்லை. மதிப்பீட்டுத் தேதியைக் கேட்க வேண்டும்.

பணத்தை வாங்குபவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். ஒருவர் பயனாளியா, ஒப்பந்ததாரரா, நகரத்துக்காகத் திட்டத்தை நடத்தும் துணைப் பெறுநரா என்பதைப் பொறுத்துக் கடமைகள் மாறும். நட்டம் கண்ட சிறு கடைக்காரர் பயனாளி, அவரைத் தணிக்கை தொடாது. மற்றவர்களுக்கு உதவித்தொகை பிரித்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் துணைப் பெறுநர். அதன் ஓராண்டு மத்திய நிதிச் செலவு 7,50,000 டாலரைத் தாண்டினால் முழுத் தணிக்கை வேண்டும் என்பது இத்திட்டத்தின் பெரும்பகுதிக் காலத்தில் இருந்த வரம்பு. பின்னர் அது 10 லட்சமாக உயர்ந்தது. பழைய வரம்பு இருந்தபோது, தெருவோர உணவு வழங்கி வந்த அமைப்பொன்றுக்கு முதல்முறையாக 8 லட்சம் கிடைத்திருந்தால், தணிக்கைச் செலவே சுமையாகியிருக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காத நகரம் அந்த அமைப்பை முடக்குகிறது.

ஒருமுறை வரும் பணத்தில் ஆண்டுதோறும் தொடரும் செலவைத் தொடங்குவது வேறொரு ஆபத்து. நியூயார்க் நகரம் மூன்று வயதுக் குழந்தைகளுக்கான இலவசப் பள்ளி வகுப்புகளை இந்தக் காலத்து மத்திய நிதியைக் கொண்டு விரித்தது. நல்ல திட்டம், பெற்றோர் நம்பித் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள். பணம் தீரும் ஆண்டு நெருங்கியதும், அதை எங்கிருந்து ஈடுகட்டுவது என்ற கேள்வி பட்ஜெட் சண்டையாக மாறியது. இதற்கு மாறாக, ஒரே தடவையில் முடிவன சிறப்பாக வேலை செய்தன. டொலீடோ நகரமும் லூகஸ் கவுன்டியும் தலா 8 லட்சம் டாலர் போட்டன. வசூலாகாத மருத்துவக் கடன்கள் முகமதிப்பில் மிகச் சிறு பங்குக்கே விலைபோகும் என்பதால், அந்த 16 லட்சத்தைக் கொண்டு 24 கோடி டாலர் வரை கடனை நீக்கலாம் என்று திட்டமிட்டார்கள். கிளீவ்லாந்தும் 19 லட்சம் டாலரில் இதைப் பின்பற்றியது. மக்கள் விண்ணப்பிக்கவே தேவையில்லை, கடன் நீங்கியது என்று கடிதம் வரும்.

மக்களிடம் கருத்துக் கேட்டார்களா என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. கூட்டங்கள் பல ஊர்களில் நடந்தன, ஆனால் முடிவு எடுக்கும் அதிகாரம் மேயரிடமும் மன்றத்திடமுமே இருந்தது. கிளீவ்லாந்தில் 50 லட்சம் டாலரை எப்படிச் செலவிடுவது என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்ற கோரிக்கை எழுந்தது, மன்றம் ஏற்கவில்லை. 51 கோடியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட விட மனம் வராதது வருத்தத்துக்குரியது.

இனி, உங்கள் நிருபர்களும் அங்குள்ள தமிழ் வாசகர்களும் தங்கள் ஊரைப் பார்க்க விரும்பினால், கருவூலத் துறை வெளியிடும் திட்ட, செலவு அறிக்கையிலிருந்து தொடங்கலாம். 1 கோடி டாலருக்கு மேல் பெற்ற நகரமும், 2,50,000-க்கு மேல் மக்கள் உள்ள நகரமும் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகின்றன. மற்றவை ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 6.1 என்றிருந்தால் வருவாய் இழப்பு வழி. 2.3 குடும்பங்களுக்கு ரொக்கம், 5-இல் தொடங்குபவை குழாயும் இணையமும், 7.1 நிர்வாகச் செலவு. எண்ணுக்கு அருகே நகரம் ஏற்றுக்கொண்ட பட்ஜெட், இதுவரையான கடப்பாடு, இதுவரையான செலவு என்று தனித்தனித் தொகைகள் இருக்கும். கடப்பாடும் செலவும் பல காலாண்டுகளாக ஒரே இடத்தில் நின்றால் அந்தத் திட்டத்தின் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். 6.1-இல் முழுத் தொகையும் ஒரே வரியில் இருந்தால், அது எந்தத் துறையின் எந்த மாத ஊதியத்துக்குப் போனது என்று நகர நிதி அலுவலரிடம் கேளுங்கள். 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கட்டுமானம் 1 அல்லது 2-இல் தொடங்கும் எண்ணில் இருந்தால், அதன் தேவையை விளக்கும் எழுத்து நியாயம் கோப்பில் இருந்தாக வேண்டும். பணத்தைச் செலவிட்ட பிறகும் ஐந்தாண்டு இந்தக் கோப்புகளை நகரம் வைத்திருப்பது கட்டாயம் என்பதால், காலம் கடந்துவிட்டது என்று யாரும் கைவிரிக்க முடியாது.

இப்படிக்கு,
உள்ளாட்சி நிதிக் கணக்குகளில் பணியாற்றும் வாசகர்,
மிச்சிகன்